படம் இருட்டா, தியேட்டர் இருட்டா? பொங்கல் லீவு படங்களைப் பத்தி ஒரு கேள்வி

தண்டையார்பேட்டைவாசி:

பொங்கல் லீவுக்கு வந்த படங்களைப் பத்தி நம்ம வடசென்னைப் பக்கம் பேச்சு ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. ராத்திரி சீன் நிறைய இருக்கிற அடிதடிப் படத்தை ஒரு தியேட்டர்ல பார்த்தவங்க "ஒளிப்பதிவுக்கே காசு கொடுக்கலாம்"ங்கறாங்க. அதே படத்தை நாலு கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தவங்க "கிளைமாக்ஸ்ல யார் யாரை அடிக்கிறாங்கன்னே தெரியல"ங்கறாங்க. குடும்பப் படத்துலயும் இதே நிலைதான். ஒருத்தர் வசனத்தைப் புகழறார். இன்னொருத்தர் "பாட்டு நல்லாக் கேட்டுச்சு, பேசறது ஒண்ணும் புரியல"ன்னு ரெண்டு ஸ்டார் போட்டுட்டுப் போறார்.

யாரும் பொய் சொல்லலன்னு தெரியுது. அப்ப அந்த விமர்சனம் படத்துக்கா, படம் ஓடின ஹாலுக்கா?

கேபின் (புரொஜக்டர் ரூம்) வேலை, மிக்ஸிங் (பேச்சு, பாட்டு, சத்தம் சேர்க்கிற) வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க. முதல் பத்து நிமிஷத்துக்குள்ள தப்பு எங்கன்னு டிக்கெட் வாங்கின ஆளே கண்டுபிடிக்க முடியுமா? லீவு நாள் கூட்டத்துல எந்த சீட்டைப் பிடிக்கணும்? குறை இருந்தா யார்கிட்ட எப்படிச் சொன்னா வேலை நடக்கும்? தியேட்டர் பேர் போட்டுத் திட்ட வேணாம். சோதிக்கிற வழி கிடைச்சா போதும்.

கேபின்கண்ணாடி:

வெளிச்சத்துல ஆரம்பிக்கிறேன். "ராத்திரி சீன் தெரியல"ங்கற புகார் பெரும்பாலும் அங்கதான் போய் முடியும்.

கலர் கரெக்‌ஷன் பண்ற அறையில, திரை நடுவுல வெள்ளை 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை எவ்வளவு பளிச்னு இருக்குங்கற அளவு) இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டுத்தான் ஒரு ராத்திரி சீன் எவ்வளவு கருப்பா இருக்கணும்னு முடிவு பண்றாங்க. தியேட்டருக்கும் அதே அளவுதான். 11ல இருந்து 17 வரைக்கும் பரவாயில்ல. அது 7, 8க்கு இறங்கிட்டா பகல் சீன் எப்படியோ தப்பிச்சுக்கும். ராத்திரி சீன்ல முகமும் சட்டையும் பின்னாடி சுவரும் ஒண்ணாக் கலந்துடும். அதைப் பார்த்துட்டுக் கேமராமேனைத் திட்டறது அநியாயம்.

ஏன் இறங்குதுன்னா, முதல் காரணம் திரையோட பரப்பு. 50 அடி அகலத் திரையில ஸ்கோப் (ரொம்ப அகலமான ஃபார்மட்) படம் போட்டா உயரம் 21 அடி, பரப்பு 1050 சதுர அடி. அதை 14ஆல பெருக்கினா 14,700 லூமன் (மொத்த வெளிச்சத்தோட அளவு). சாதா வெள்ளைத் திரைன்னா அவ்வளவு வெளிச்சம் திரை மேல வந்து விழுந்தாகணும். வழியில கேபின் கண்ணாடி கொஞ்சம் தின்னும். சத்தம் வெளிய வரத்துக்காகத் திரையில இருக்கிற பொடி ஓட்டைகள் கொஞ்சம் விழுங்கும். பத்தாயிரம் லூமன்தான் வந்து சேருதுன்னா கணக்கு 9.5ல நின்னுடும். 70 எம்எம் காலத்துல கட்டின பெரிய திரைக்கு இதுதான் பெரிய சிக்கல். தண்டையார்பேட்டை அகஸ்தியா மாதிரி (2020ல மூடிட்டாங்க) ஹால்களோட திரையை முழுசா நிரப்பணும்னா டிஜிட்டல்ல பெரிய புரொஜக்டரே வேணும். சின்ன மிஷினை வச்சுப் பெரிய திரையை ரொப்பினா படம் பெருசாத் தெரியும், ஆனா மங்கலாத் தெரியும். அதனால "பெரிய ஸ்கிரீன்"ங்கற ஒரே காரணத்துக்காக ராத்திரிப் படத்துக்கு ஹாலைத் தேர்ந்தெடுக்காதீங்க.

ரெண்டாவது பல்பு. செனான் பல்பு ஓட ஓட மங்கும். வாட்டேஜ் கூடினா ஆயுள் குறையும். பெரிய திரைக்குப் போடற 6 கிலோவாட் பல்பு ஆயிரம் மணி நேரத்தையே தொடறது கஷ்டம். ஒரு நாளைக்கு நாலு ஷோ, ஷோவுக்கு மூணு மணி நேரம்னு வச்சா 12 மணி நேரம் ஆச்சு. தீபாவளிக்கு மாத்தின பல்பு பொங்கலுக்குள்ள கிழமாயிடும். மங்க மங்க கரண்டை ஏத்தி ஈடு கட்டுவாங்க. ஏத்த இடமே இல்லாத நிலையிலும் அதே பல்பை ஓட்டினா வெளிச்சம் இறங்கறதோட துடிக்கவும் ஆரம்பிக்கும். வானம், வெள்ளைச் சுவர், வேட்டி மாதிரி வெளுப்பான இடத்துல லேசாப் படபடப்பு தெரிஞ்சா அது பல்புதான். லேசர் புரொஜக்டர்ல இந்த இறக்கம் ரொம்ப மெதுவா நடக்கும். ஒரே படம் ரெண்டு ஹால்ல ஓடினா லேசர் இருக்கிற ஹாலுக்குப் போறது பெரும்பாலும் சரியா இருக்கும்.

மூணாவது 3டி. போலரைஸ்டு ஃபில்டர் போட்ட கண்ணாடி கொடுக்கிற முறைக்கு வெள்ளி பூசின திரை வேணும். அந்தத் திரை வெளிச்சத்தை நடுவுலயே குவிக்கும். ஓரமா உக்காந்தா படத்தோட ஒரு பக்கம் பளிச்னும் இன்னொரு பக்கம் இருட்டாவும் தெரியும். 2டி படம் போட்டாலும் அதே திரைதானே, அதனால அந்த ஹால்ல நடு சீட்டைத் தவிர வேற எதையும் எடுக்காதீங்க. இன்னொண்ணு, லென்ஸ் முன்னாடி இருக்கிற 3டி ஃபில்டரை நகர்த்தாம 2டி படத்தை ஓட்டிட்டா பாதிக்கு மேல வெளிச்சம் போயிடும். முன்னாடி ஷோ 3டி, அடுத்தது 2டின்னு மாறி மாறி ஓடற ஹால்ல இது நடக்கக்கூடிய தப்பு. சொன்னா ஒரு நிமிஷத்துல சரியாயிடும்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு தொல்லை உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரைக்கும் கடல் காத்துல உப்பு. எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரித் தூசி. புரொஜக்டர் ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும், உள்ள சூடு ஏறும், ஒரு கட்டத்துல மிஷின் தன்னால நின்னுடும். கேபின் கண்ணாடியில உப்புப் படலம் படிஞ்சா படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெளுக்கும், கருப்பு கருப்பா இருக்காது. அந்தக் கண்ணாடியை நூல் விடாத துணியால அடிக்கடி துடைக்கணும். செலவில்லாத வேலை, அதனாலயே மறந்து போற வேலையும்கூட.

இப்ப சோதனை. சென்சார் சர்டிபிகேட் வரும்போது பேசாம அதையே பாருங்க. நாலு ஓரமும் தெரியணும். பொடி எழுத்து நடுவுலயும் மூலையிலயும் ஒரே மாதிரி கூர்மையா இருக்கணும். நடு சரியா இருந்து மூலை கலங்கினா லென்ஸ் நேரா இல்ல, இல்லாட்டி திரை வளைவு. மொத்தமும் கலங்கினா ஃபோகஸ். ஓரம் வெட்டுப்பட்டா ஃபார்மட் தப்பு: 2.39 ஸ்கோப் படத்தை 1.85 ஃபிளாட் செட்டிங்ல விட்டிருப்பாங்க, இல்லாட்டி அதுக்கு நேர்மாறா. அதைத் தவறவிட்டா அடுத்த வாய்ப்பு, ஹீரோ சிகரெட் பத்தவைக்கும்போது கீழ வர எச்சரிக்கை வரி. அந்த வரி பாதி வெட்டுப்பட்டா படமும் வெட்டுப்படுது, மேல தலையும் போகுதுன்னு அர்த்தம்.

கருப்பைச் சோதிக்க, கம்பெனி லோகோவுக்கும் முதல் ஷாட்டுக்கும் நடுவுல ஒரு நொடி இருட்டு வரும் பாருங்க. அப்பவும் முன் சீட்டு நம்பரைப் படிக்க முடிஞ்சா ஹால்ல வெளி வெளிச்சம் அதிகம். படிக்கட்டு எல்இடி, கதவு இடுக்கு, சரியா இழுத்து மூடாத திரைச்சீலை, முன் வரிசை மொபைல் எல்லாம் சேர்ந்து திரை மேல விழும். அப்புறம் எந்த ராத்திரி சீனும் சாம்பல் நிறம்தான்.

சென்டர்சேனல்:

கேபின்கண்ணாடி அண்ணன் படத்தைப் பத்திச் சொல்லிட்டார். நான் சத்தத்தைச் சொல்றேன். "பாட்டு கேட்டுச்சு, பேச்சு புரியல"ங்கற அந்த ஒரு வரியிலயே பாதி விடை இருக்கு.

5.1, 7.1, அட்மாஸ்னு ஸ்பீக்கர் முறை எதுவா இருந்தாலும் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாடி நடுவுல நிக்கிற ஒரே ஸ்பீக்கர்லதான் வரும். பாட்டு இடது, வலது, பக்கச் சுவர்னு எல்லாத்துலயும் பரவி வரும். நடு ஸ்பீக்கரோட மேல் பாகத்துல உயர் அலைவரிசைக்குன்னு தனி டிரைவர் உண்டு. அது பழுதானா குரல் வரும், எழுத்து வராது. கம்பளி போத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும். தமிழ்ல இதை எளிமையாப் பிடிக்கலாம்: ச, ஸ, ஷ மூணும் தனித்தனியா விழுதான்னு கேளுங்க. "சொல்லு" "தொல்லு" மாதிரி கேட்டா டிரைவர் போச்சு. திரையில இருக்கிற பொடி ஓட்டைகள் தூசியில அடைச்சாலும் இதே மாதிரிதான் ஆகும், ஏன்னா சத்தம் அந்த ஓட்டை வழியாத்தான் வரணும். பல வருஷமாத் தூசி தட்டாத திரைன்னா படமும் மங்கும், பேச்சும் மங்கும்.

அடுத்தது ஃபேடர், அதாவது சத்தத்தை ஏத்தி இறக்கற திருகு. டால்பி பெட்டியில (கேபின்ல இருக்கிற சவுண்ட் மிஷின்) 7ங்கறது மிக்ஸிங் அறையில வச்ச அதே அளவு. முன்பக்க ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல் காட்டற மாதிரி சரி பண்ணியிருந்தாத்தான் அந்த 7க்கு அர்த்தம். பல தியேட்டர்ல அது 5ல நிக்கும், சில இடத்துல 4.5. நாலுக்கு மேல ஒவ்வொரு எண்ணும் சுமார் 3.3 டெசிபல். ஏழுல இருந்து அஞ்சுக்கு வந்தாலே 6.6 டெசிபல் போச்சு. கத்தற சீனுக்கு அது உறைக்காது. அடங்கிப் பேசற சீன் ஏசி இரைச்சலுக்குக் கீழ போயிடும்.

ஏன் இறக்கறாங்கன்னும் சொல்லணும், முழுப் பழியும் ஆபரேட்டர் மேல போட முடியாது. விளம்பரமும் டிரெய்லரும் கூடுதல் சத்தத்தோட வரும். ஜனங்க காதைப் பொத்தறதைப் பார்த்துட்டுக் குறைப்பாங்க. படம் ஆரம்பிச்சதும் திரும்ப ஏத்தணும். அது தானா நடக்கிற மாதிரி பிளேலிஸ்ட்ல போட்டு வைக்கலாம், போடாத இடத்துல மறந்து போகும். ரெண்டாவது, படமே முழுக்கச் சத்தமா மிக்ஸ் ஆகி வருது. சண்டையில ஆள் எழுந்து போய்ப் புகார் பண்றாங்க, குறைக்கிறாங்க, அடுத்த சீன் வசனம் காணாமப் போகுது.

கூட்டமும் சத்தத்தைத் தின்னும். ஆளும் துணியும் உயர் அலைவரிசையை உறிஞ்சிக்கும். லீவு நாள் ஹவுஸ்ஃபுல் ஷோவுக்கு வச்சிருக்க வேண்டிய அளவும் செவ்வாய்க்கிழமை மத்தியான ஷோவுக்கு வைக்கிற அளவும் ஒண்ணு இல்ல. காலியான பெரிய பழைய ஹால்ல பிரச்சினை தலைகீழ்: சத்தம் நிறைய இருக்கும், ஆனா எதிரொலி ஒரு சொல்லை அடுத்த சொல் மேல ஏத்திடும். அங்க ஃபேடரை ஏத்தினா இன்னும் புரியாது. முதல் நாள் முதல் ஷோ பார்த்துட்டு வசனத்தைப் பத்திக் கருத்து சொல்றதே வேணாம். விசிலுக்கு நடுவுல எந்த மிக்ஸும் நிக்காது.

படமா தியேட்டரான்னு பிரிக்க ஒரு நல்ல சோதனை இருக்கு. பின்னணி இசையே இல்லாம ரெண்டு பேர் வீட்டுக்குள்ள பேசற சீனுக்குக் காத்திருங்க. பெரும்பாலான படத்துல சீக்கிரமே ஒண்ணு வந்துடும். அதுலயே புரியலன்னா ஹால்தான். அங்க தெளிவா இருந்து, இசை சேர்ந்த சீன்ல மட்டும் பேச்சு முங்கினா மிக்ஸிங்கைக் குறை சொல்லலாம். இந்த சீசன்ல அப்படிக் குறை சொல்ல வேண்டிய படங்கள் நிச்சயம் உண்டு. வசனத்துக்கு அடியில தம்புரா மாதிரி விடாம ஒரே சுரம், அதுக்கு மேல டிரம், அதுக்கும் மேல சப்-ஊஃபர். எமோஷன் சீனுக்கு இவ்வளவும் தேவையே இல்ல.

போஸ்டர்ல "அட்மாஸ்"னு போட்டிருந்தா அது படத்தோட மிக்ஸ் மட்டும்தான். ஹால்ல கூரை ஸ்பீக்கரும் அதுக்கான பிராசஸரும் இல்லாட்டி அங்க 5.1, இல்லாட்டி 7.1தான் ஓடும். அது ஏமாத்து இல்ல. ஆனா அட்மாஸுக்குன்னு கூட காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி தலைக்கு மேல ரெண்டு வரிசையா ஸ்பீக்கர் இருக்கான்னு பார்த்துக்குங்க.

சீட்டு: மிக்ஸிங்கும் அளவெடுப்பும் ஹாலோட மூணுல ரெண்டு பங்கு ஆழத்துல, நடுவுல நடக்கும். 18 வரிசைன்னா திரையில இருந்து 12வது வரிசை. அதுல நாலு வரிசை முன்ன பின்ன பரவாயில்ல. கடைசி வரிசை சோபா எவ்வளவு சொகுசா இருந்தாலும் பின் சுவர் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்துல கத்தும். பால்கனி இருக்கிற ஹால்ல பால்கனிக்குக் கீழ உக்காராதீங்க, மேல் சத்தம் பாதி அடைபடும். பால்கனி முதல் வரிசை நடு கிடைச்சா விடாதீங்க.

பழையவண்ணை:

ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா எல்லாத்தையும் தியேட்டர் தலையில கட்டிடக் கூடாதுன்னு நினைக்கிறேன். நம்ம ஊர்க் கதைன்னு சொல்லிக்கிட்டு வர படத்துல நம்ம பேச்சே நமக்குப் புரியலன்னா அங்க வேற தப்பு நடந்திருக்கு.

வடசென்னைப் பேச்சு வேகமானதுதான். ஆனா அந்த வேகத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. "வந்துகினு", "இஸ்துகினு"ன்னு கடைசியை இழுத்து விழுங்கினாலும் முக்கியமான சொல்லுல அழுத்தம் விழும். "இன்னா", "கீது", "அத்த", "குந்து" எல்லாம் சாதாரணக் குரல்லயே வரும். சினிமாவுல நடிகர் எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்துல கத்தறார். அழுத்தம் எல்லா இடத்துலயும் விழுந்தா எங்கயும் விழாததுக்குச் சமம். காதுக்குப் பிடி கிடைக்காது. இதுக்கு மேல, இன்னிக்குத் தெருவுல அபூர்வமாக் கேக்கிற "கஸ்மாலம்", "பேமானி"யை வரிக்கு வரி செருகறாங்க. காசிமேட்டு மீனவர் பேச்சும் வியாசர்பாடிப் பேச்சும் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பேச்சும் ஒண்ணு இல்ல. படத்துல மூணு பேருக்கும் ஒரே ரெடிமேட் பாஷைதான்.

இன்னொரு காரணம் டப்பிங். ஸ்பாட்ல பதிவு பண்ணாம, அடைச்ச அறையில மைக்குக்கு முன்னாடி நின்னு பேசறாங்க. லாரி சத்தத்துக்கு நடுவுல பேசறவன் குரலைத் தானா உயர்த்துவான், வாக்கியத்தைச் சின்னதா வெட்டுவான். டப்பிங் அறையில அந்தத் தேவை இல்லாததால நீளமா, சன்னக் குரல்ல பேசிடறாங்க. பிறகு லாரி சத்தத்தை மேல சேர்த்தா குரல் முங்கும். எந்த ஊர் ஹால்ல போட்டாலும் முங்கும். இதைக் கண்டுபிடிக்க உதட்டைப் பாருங்க. உதடு ரெண்டு சொல்லுக்கு அசையும்போது காதுல நாலு சொல் விழுந்தா, பேச்சை டப்பிங்ல திணிச்சிருக்காங்க. ஸ்பாட் சவுண்ட்ல எடுத்த படத்துல லேசான இரைச்சல் இருக்கும், ஆனாலும் பேச்சு பளிச்னு புரியும்.

தண்டையார்பேட்டைவாசி:

ரொம்ப நன்றி, மூணு பேருக்கும். இன்னும் ரெண்டு சந்தேகம். முதல் வாரம் பார்த்தவங்களும் ரெண்டாவது வாரம் பார்த்தவங்களும் படத்தோட நீளத்தைப் பத்தியே சண்டை போடறாங்க. ஒருத்தர் சொல்ற சீன் இன்னொருத்தருக்குத் தெரியல. அப்புறம் சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு சர்டிபிகேட்டை எப்படிப் படிக்கணும்னு யாராவது சொல்லுங்க. இப்ப அதுல நம்பர் எல்லாம் வருதே.

பெரம்பூர்லோகோ:

நீளச் சண்டைக்குக் காரணம் டிரிம்மிங். படம் இழுவைன்னு பேச்சு கிளம்பினா மூணாவது நாலாவது நாள்லயே பத்து, பதினஞ்சு நிமிஷம் வெட்டிப் புது ஃபைல் அனுப்பறாங்க. வெட்டினதை சென்சார் போர்டுக்குத் தெரிவிக்கணும். ரெண்டு பேரும் பார்த்தது ஒரே தலைப்புல ரெண்டு படம். கருத்து எழுதறவங்க பார்த்த தேதியையும் எழுதினா இந்தச் சண்டையே வராது. சர்டிபிகேட்ல கால அளவு போட்டிருக்கும், அதை ஹால்ல ஓடின நேரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. இடைவேளையைக் கழிச்சுக்கணும்.

பிள்ளைங்க விஷயம்: 2024 நவம்பர்ல இருந்து யுஏ மூணாப் பிரிஞ்சிருக்கு. யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. இது பெற்றோருக்கான வழிகாட்டுதல். வயசு குறைஞ்ச பிள்ளையை நீங்க கூட்டிட்டுப் போனா தடுக்க மாட்டாங்க, முடிவு உங்களது. ஏ சர்டிபிகேட் வேற. 18 வயசுக்குக் கீழ யாரையும் விடக் கூடாது, அப்பா அம்மா கூட வந்தாலும். லீவு நாள்ல இதுதான் வாசல்ல தகராறு ஆகுது. ஆன்லைன்ல நாலு டிக்கெட் போட்டுட்டுக் கைக்குழந்தையோட வந்து நிக்கிறாங்க. சர்டிபிகேட்டை முன்பதிவுப் பக்கத்துலயே போட்டிருக்காங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி பாருங்க. 16+ வந்த படத்துக்குப் பத்து வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதீங்கங்கறது என் கருத்து. இந்த சீசன் சண்டைப் படங்கள்ல ரத்தம் அளவுக்கு மீறி இருக்கு. சத்தமும் சின்னக் காதுக்கு ஆகாது.

காசையும் சொல்லிடறேன். 2025 செப்டம்பர் 22ல இருந்து 100 ரூபாய் வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18. உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. ஆன்லைன்ல போட்டா ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணமும் அதுக்கு மேல 18 சதவீத வரியும் ஏறும். நாலு பேர் குடும்பத்துக்கு அந்தக் கட்டணத்துலயே இன்னொரு டிக்கெட் காசு வந்துடும். லீவு முடிஞ்ச வாரம் கவுன்டர்ல போய் வாங்கினா நடு சீட்டு கேட்டும் வாங்கலாம்.

கேபின்கண்ணாடி:

கடைசிக் கேள்வி, யார்கிட்ட சொல்றதுங்கறது, பாக்கி இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சேர்க்கை. காலை ஷோ ஒரு மணி நேரம் தள்ளிப் போனா உடனே மிஷின் ரிப்பேர்னு நினைக்காதீங்க. படம் பூட்டின ஃபைலாத்தான் வரும். அந்த ஹாலோட அந்த சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நேரத்துல இருந்து குறிப்பிட்ட நேரம் வரைக்கும் வேலை செய்யற சாவியைத் தனியா அனுப்புவாங்க. பணம் பைசல் ஆகாம சாவி தாமதமாகும், இல்ல சர்வரை மாத்தின பிறகு பழைய சர்வருக்கான சாவி வந்திருக்கும். ஆபரேட்டர் கையில ஒண்ணும் இல்ல. கத்திப் பிரயோஜனம் இல்லாத இடம் அது.

மத்த குறைக்குச் சொல்ற நேரம் ரொம்ப முக்கியம். முதல் பத்து நிமிஷத்துல எழுந்து போங்க. சிங்கிள் ஸ்கிரீன்ல கேபின்ல ஆள் இருப்பார், "ஃபோகஸ்", "சவுண்ட் வைப்பா"ன்னு குரல் கொடுத்தா ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பார். மல்டிபிளக்ஸ்ல எல்லாம் பிளேலிஸ்ட்ல தானா ஓடும், கேபின்ல யாரும் இல்லாமயே ஓடலாம். கத்தினா கேக்க ஆள் கிடையாது. வெளிய போய் டியூட்டி மேனேஜர்கிட்ட சொல்லணும்.

சொல்ற விதம்: "சவுண்ட் சரியில்ல"ன்னு சொன்னா ஃபேடரை ஏத்திட்டுப் போயிடுவாங்க. நடு ஸ்பீக்கர் போயிருந்தா அதனால இரைச்சல் மட்டும்தான் கூடும். "பாட்டு கேக்குது, நடுவுல இருந்து பேச்சு தெளிவா வரல, சென்டரைப் பாருங்க"ன்னு சொல்லுங்க. "படம் இருட்டா இருக்கு"ங்கறதுக்குப் பதிலா "முன்னாடி ஷோ 3டியா? ஃபில்டரை எடுத்தீங்களா?"ன்னு கேளுங்க. "மேல தலை வெட்டுது, ஸ்கோப்பா ஃபிளாட்டான்னு பாருங்க." இப்படிக் குறியாச் சொன்னா கேபினுக்கு ஃபோன் போகும். ஃபோகஸ், ஃபார்மட், ஃபில்டர், ஃபேடர் நாலும் ஓடிக்கிட்டிருக்கும்போதே சரி பண்ணலாம். பல்பு, டிரைவர், அடைச்ச திரை மூணும் அன்னிக்கு சரியாகாது. அப்ப வேற ஸ்கிரீனுக்கு மாத்திக் கேளுங்க, இல்ல டிக்கெட் காசைத் திரும்பக் கேளுங்க. இடைவேளைக்கு முன்னாடி கேட்டா பேச்சுக்கு இடம் உண்டு. முழுப் படத்தையும் பார்த்துட்டுக் கேட்டா அவங்க மறுக்கறதுல நியாயம் இருக்கு. மேனேஜர் மறுத்தா டிக்கெட்டை வச்சுக்கிட்டு, ஷோ நேரம், ஸ்கிரீன் நம்பர், யார்கிட்ட எத்தனை மணிக்குச் சொன்னீங்க எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. திரையை மொபைல்ல படம் பிடிச்சு ஆதாரம் காட்டப் போகாதீங்க, அது திருட்டுப் பதிவு குத்தத்துல சேரும்.

சென்டர்சேனல்:

ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். மேனேஜர் வந்து ஹால்ல நின்னு "நல்லாத்தானே கேக்குது"ன்னு சொல்றது அடிக்கடி நடக்கும், ஏன்னா அவர் வாசல் கதவுகிட்ட பக்கச் சுவர் ஸ்பீக்கருக்குக் கீழ நிப்பார். உங்க சீட்டுக்கே கூட்டிட்டு வந்து, பேச்சு சீன் வர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம் உக்கார வைங்க.